பாம்பு பிடிக்கத் தெரியாத அண்ணன்

என் அண்ணன் முதன்முதலாகப் பாம்பைத் தொட்டது பள்ளிக்கூடத்தில்தான். அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை. அண்ணன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் தங்கை நான், அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தேன்.

நாங்கள் இருளர். பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில் எங்கள் குடியிருப்பு. பனையோலைக் கூரைகளும், அரசாங்கம் கட்டிக்கொடுத்த, மழைக்கு ஒழுகும் தளம் போட்ட வீடுகளும் கலந்து கிடக்கும். ஊருக்குள் போக வேண்டுமென்றால் கரைமேல் நடந்து, மதகைத் தாண்டி, கரும்பு வயல்களுக்கு நடுவே ஓடும் வண்டிப்பாதையில் இறங்க வேண்டும். அப்பா வில்லியனூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் பிறந்தவர். அங்கேயே வளர்ந்து, மண் மிதித்து, கல் அறுத்து, கல்யாணம் ஆன பிறகுதான் அம்மாவின் ஊரான இங்கே வந்து சேர்ந்தார். பாம்பைக் கண்டால் முதலில் ஓடுபவர் அவர்தான். ஒருமுறை அடுப்படிக்குள் தண்ணீர்ப்பாம்பு ஒன்று வந்துவிட்டது. அம்மா துடைப்பக்கட்டையால் அதைத் தள்ளிக்கொண்டே போய் வெளியே விட்டாள். அவள் திரும்பி வரும்வரை அப்பா கயிற்றுக் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் பல நாள் சிரித்திருக்கிறோம்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. இருளன் என்றால் பாம்பு பிடிப்பான், எலி பிடிப்பான், அசந்தால் கோழியும் பிடிப்பான் என்பது ஊரின் முடிவு. பிறக்கும்போதே கையோடு வந்த வித்தை என்று நினைத்தார்கள்.

பள்ளியில் எங்களிடம் யாரும் கடுமையாக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதுபோல எங்களுக்கும் ரொட்டியும் பாலும் கொடுத்தார்கள். ஏரிக்கரைப் பிள்ளைகள் ரொட்டி தின்னத்தான் வருகிறார்கள் என்று ஒரு டீச்சர் சிரித்துக்கொண்டே சொல்வார். அவ்வளவுதான். கடைசி வரிசையில் உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை. நாங்களாகவே போய் உட்கார்ந்துகொள்வோம். அண்ணன் படிப்பில் சுமார். பஸ் கண்டக்டர் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். புதுச்சேரி வரைக்கும் உள்ள நிறுத்தங்களை வரிசையாக, கண்டக்டர் குரலில் கத்துவான். வகுப்பில் மட்டும் அவன் குரலை யாரும் கேட்டதில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் காலை, பெண்கள் கழிப்பறையிலிருந்து பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். உள்ளே பெரிய பாம்பு. நல்லபாம்பு என்று ஒருத்தி சொன்னாள், படம் எடுத்தது என்று இன்னொருத்தி சொன்னாள். ஆசிரியர்கள் எல்லோரும் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். பியூன் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு போய் வாசலிலேயே நின்றுவிட்டார். தலைமையாசிரியர் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏரிக்கரைப் பையன் எவனாவது இருக்கிறானா என்று கேட்டார். பெரிய வகுப்புகளில் எங்கள் குடியிருப்பிலிருந்து படித்த ஒரே பையன் என் அண்ணன். யாரோ அவன் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்கள்.

"போடா, போய்ப் புடி. உங்களுக்குத் தெரியாததா" என்றார் தலைமையாசிரியர். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார்.

அண்ணன் அவரைப் பார்த்தான். கழிப்பறைக் கதவைப் பார்த்தான். கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடி என்னையும் ஒருமுறை பார்த்தான். தெரியாது என்று சொல்லப்போகிறான் என்று நான் காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. பியூன் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே வாளி உருளும் சத்தம் கேட்டது. பிறகு தகரக் கதவில் ஏதோ மோதியது. அவன் வெளியே வந்தபோது கம்பு கையில் இல்லை. அவனைவிட நீளமான பாம்பு ஒன்றை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். அது அவன் தோள்வரை சுற்றியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. யாரையும் பார்க்காமல் மைதானத்தின் குறுக்கே ஓடி, கேட்டைத் தாண்டி, ஏரிவரைக்கும் ஓடி அதை எறிந்துவிட்டு வந்தான். அவன் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடமே கை தட்டியது. அது விஷமில்லாத சாரைப்பாம்பு என்று பின்னால்தான் தெரிந்தது. அவன் மணிக்கட்டில் பல் பதிந்த இடத்தைச் சட்டைக் கையால் மூடியிருந்தான். என்னிடம் மட்டும் காட்டினான்.

அன்று சாயங்காலம் அப்பா அவனை அறைந்தார். அடிக்கிற ஆள் இல்லை அவர்.

"அவங்க சொன்னா பாம்ப புடிச்சிடுவியா நீ? என் அப்பனே புடிச்சதில்லடா. இனிமே ஊர்ல எங்க பாம்பு வந்தாலும் நம்ம வூட்டு வாசல்லதான் வந்து நிப்பானுங்க."

அண்ணனின் அடி வாங்கிய முகத்திலும் ஒரு வெளிச்சம் இருந்ததை நான் பார்த்தேன். அடுத்த நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவனை மேடைக்கு அழைத்தார். அதற்கு முன் அவன் மேடை ஏறியதே இல்லை. ஊர்த்தெருப் பையன் ஒருவன், பத்தாம் வகுப்பு, கரும்பு நிலம் நிறைய வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, பள்ளிக் கைப்பந்து அணிக்குத் தலைவன். அவன் வந்து என் அண்ணன் தோளில் கை போட்டு, மச்சான் என்று கூப்பிட்டான். அந்த வாரமே அண்ணனைக் கைப்பந்தில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் குடியிருப்புப் பையன் தோளில் ஊர்ப்பையன் கை போட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதற்காக அவன் இன்னும் நாலு பாம்பைப் பிடித்திருப்பான். பிடித்தான்.

அவன் பெயர் அன்றோடு போனது. பிள்ளைகள் பாம்பு என்று கூப்பிட்டார்கள். சில ஆசிரியர்களும் கூப்பிட்டார்கள். அதில் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. அண்ணனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

அப்பா சொன்னபடிதான் நடந்தது. ஆனால் ஆட்கள் எங்கள் வாசலுக்கு வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மாட்டுக்கொட்டகையில் பாம்பு, மோட்டார் கொட்டகையில் பாம்பு என்று ஆள் வரும். பியூன் வகுப்பு வாசலில் நின்று, அந்தப் பையனைக் கொஞ்சம் அனுப்புங்க சார் என்பார். கணக்குப் பாடமோ அறிவியலோ, அவன் எழுந்து போய்விடுவான். சில நாள் மத்தியானத்துக்கு மேல் திரும்பி வருவான், சில நாள் வர மாட்டான். ஒன்பதாம் வகுப்பு முடிவில் அவன் ஃபெயில்.

அம்மாவும் நானும் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தோம். அவர் எங்களை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. இன்னொரு வருஷம் அதே வகுப்பில் படிக்கட்டும் என்று அம்மா கேட்டாள். அவர் மறுக்கவில்லை. தாராளமாகப் படிக்கட்டும் என்றார். பிறகு கதவோரம் நின்ற அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"படிச்சி நீ இன்னா பண்ணப்போற? கையிலயே தொழில் வச்சிக்கிட்டு இருக்க. பிழைச்சிக்குவ, போ."

அவர் ஆறுதலாகச் சொன்னார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அண்ணன் அதற்குப் பிறகு பள்ளிக்குப் போகவில்லை. சின்னப் பிள்ளைகளோடு திரும்ப உட்கார வெட்கம் என்று சொன்னான். கண்டக்டர் பேச்சை அவன் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவே இல்லை. பகலில் அம்மாவோடு கரும்பு வெட்டப் போனான். கூப்பிட்டால் பாம்பு பிடிக்கப் போனான்.

பாம்பு பிடிப்பதை அவன் செல்போனில்தான் கற்றுக்கொண்டான். மச்சான் என்று கூப்பிட்ட அந்தக் கைப்பந்துக்காரன் தன்னுடைய பழைய போன் ஒன்றைக் கொடுத்திருந்தான். அதில் எங்கெங்கோ ஊர்களில் பாம்பு பிடிப்பவர்களின் வீடியோக்களைப் பார்ப்பான். நிறுத்தி நிறுத்தி, கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்பான். எங்கள் குடியிருப்பில் இருந்த பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தான். அவர்களுக்கும் தெரியவில்லை. பாம்பு பிடிக்கக் கூடாதென்று சட்டம் வந்த பிறகு விட்டுப்போன தொழில், எங்களுக்கு மூத்தவர்களோடு போய்விட்டது என்றார்கள். ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி செய்துகொண்டான். எது விரியன், எது மண்ணுளி என்பதை, வெள்ளைக்காரன் பேசும் வீடியோவைப் பார்த்து என் அண்ணன் தெரிந்துகொண்டான்.

பிடித்த பாம்பைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் ஏரியின் மறுகரையில் விடுவான். அதற்கு முன் ஊர்ப்பையன்கள் வீடியோ எடுப்பார்கள். தலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டு, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போ என்பார்கள். செய்வான். அது போன்களில் சுற்றும். பாகூர்க் கடைத்தெருவில் தெரியாத ஆட்கள் அவனைப் பார்த்துக் கை காட்டியதுண்டு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு நானும் போனேன். ஊர்த்தெருவில் ஒரு மாடி வீடு. பின்பக்கமாக வரச் சொன்னார்கள். பின்கட்டில் நெல் மூட்டைகளுக்கு நடுவே இருந்த பாம்பை அவன் எடுத்துச் சாக்கில் போட்டான். அந்த வீட்டு அம்மா நல்லவிதமாகப் பேசி, ஒரு பையில் முறுக்கும் பழைய துணியும் போட்டு என்னிடம் கொடுத்தார். நாங்கள் தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன். மஞ்சள் தண்ணீர் கரைத்து, பின்கட்டிலிருந்து வழியெல்லாம் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பாம்பு வந்த இடம், கழுவறாங்க" என்றான் அண்ணன்.

பாம்பு மூட்டை இடுக்கில் மட்டும்தான் இருந்தது. அவர்கள் நாங்கள் நடந்து வந்த கேட் வரைக்கும் கழுவினார்கள். அதை நான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நான் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம், அதே மாடி வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போனது. கைப்பந்துக்காரனின் சித்தப்பா வீடு அது. அதற்கு முந்தைய வாரம் அண்ணன் அங்கே பாம்பு பிடிக்கப் போயிருந்தான். போலீஸ் ஜீப் மத்தியானத்தில் ஏரிக்கரைக்கு வந்தது. நான் பள்ளியிலிருந்து வந்தபோது அடுப்பு மண், பானை, அரிசி எல்லாம் வாசலில் கொட்டிக் கிடந்தது. எங்கள் கூரையில் கூட ஓலையைப் பிரித்துத் தேடியிருந்தார்கள். அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்பா கைப்பந்துக்காரன் வீட்டு வாசலில் போய் நின்றார். அவன் வெளியே வந்து, பெரியவங்க விஷயம், நான் இன்னா பேச முடியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அதைக்கூட நான் தப்பாகச் சொல்லவில்லை. அவனுக்கும் வயது பதினெட்டு ஆகியிருக்காது.

அண்ணனைப் போலீஸ்காரர்கள் திருப்பி அனுப்பியபோது நடந்துதான் வந்தான். ஆனால் உட்கார முடியவில்லை. வலது கை விரல்கள் வாழைப்பழம்போல வீங்கியிருந்தன. இரண்டு விரல்களை மடக்கவே முடியவில்லை. அம்மா எண்ணெய் காய்ச்சி நீவினாள்.  சங்கிலி அந்த வீட்டிலேயே ஏதோ அலமாரிக்குப் பின்னால் கிடைத்துவிட்டதாக, அங்கே பாத்திரம் தேய்க்கும் அக்காள் ஒருத்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

அவன் விரல் வீக்கம் வடிவதற்கு முன்பே ஆள் வந்தது. அதே வீட்டு மோட்டார் கொட்டகையில், விறகுக் கட்டைகளுக்கு அடியில் பாம்பு. வந்தவர் அந்த வீட்டில் வேலை பார்ப்பவர். வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்பா எழுந்து, போகாதே என்றார். அம்மாவும் சொன்னாள். நானும் சொன்னேன். அண்ணன் இடது கையால் கொக்கியை எடுத்தான்.

"இப்ப போவலன்னா, நாம்பதான் சங்கிலிய எடுத்தோம்னு ஆயிடும் பாப்பா. போய்ட்டு வந்துட்டா ஒண்ணும் இல்லாதமாதிரி ஆயிடும்."

அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குப் புரிந்தது. இன்றைக்கும் புரிகிறது. நானும் கூடப் போனேன்.

கொட்டகை இருட்டாக இருந்தது. அண்ணன் கட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினான். உள்ளே குக்கர்போல ஒரு சீறல். கண்ணாடி விரியன். அவன் பின்னால் திரும்பி, தள்ளிப்போ என்று என்னிடம் சொன்னான். கொக்கியால் அதைத் தூக்கி, வலது கையால் வாலைப் பிடித்தான். அந்தக் கை இறுகவில்லை. வால் நழுவியது. அது ஒரு சுற்று சுற்றிக் கீழே விழுவதற்குள் அவன் விரலைக் கடித்துவிட்டது. அண்ணன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

வீட்டு ஆட்கள் தூரத்தில் நின்று ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். வந்து சேர நேரமாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். கைப்பந்துக்காரன் எங்கிருந்தோ பைக்கில் வந்தான்.  அண்ணனை நடுவில் உட்காரவைத்து, நான் பின்னால் உட்கார்ந்து அவனைப் பிடித்துக்கொண்டேன். ஊரைத் தாண்டும்போது அண்ணன் ஈறிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. முகத்தைப் பின்னால் திருப்பி என் தோளில்தான் துடைத்துக்கொண்டான். முதலில் பக்கத்துச் சுகாதார நிலையம், அங்கே ஊசி போட்டு, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி.

அவனைப் பிழைக்க வைத்தார்கள். சிறுநீரகம் நின்றுபோய், ரத்தம் சுத்திகரிக்கும் எந்திரத்தில் பல முறை போட்டார்கள். கை கறுத்துக்கொண்டே வந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். அம்மா கூலிக்குப் போனால்தான் வீட்டில் உலை வைக்க முடியும் என்பதால் ஆஸ்பத்திரியில் நான் இருந்தேன். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். பெரிய டாக்டர் அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்வார். அதில் இருளர் என்ற சொல் மட்டும் எங்களுக்குப் புரியும். உடனே எல்லோரும் அண்ணனை மரியாதையோடு பார்ப்பார்கள். பரம்பரையாகப் பிடிப்பவர்களுக்கே இப்படி ஆகிவிடுகிறது பார் என்று ஒரு பெண் தமிழில் இன்னொருத்தியிடம் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு ஒரு மத்தியானம், கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் பேசினான். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குள் போனபோது அது என்ன பாம்பு என்றுகூடத் தனக்குத் தெரியாது என்றான். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டதாகச் சொன்னான்.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ண்ணா" என்றேன்.

"சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சிருப்பாங்க, அது பரவால்ல. ஆனா பாப்பா, அதுக்கு முன்னால நான் அந்த ஸ்கூல்ல இருந்ததே யாருக்கும் தெரியாது. அன்னிக்குத்தான் என்ன ஒருத்தர் கூப்பிட்டாரு."

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கைப்பந்துக்காரன் ஒருநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். வார்டு வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தான். உள்ளே வா என்றேன். வண்டி வெளியே நிற்கிறது என்றான். அதற்குப் பிறகு அவன் எங்கள் கண்ணில் படவில்லை. சென்னையில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

நான் பள்ளிக்குத் திரும்பிப் போனபோது மாதிரித் தேர்வுகள் முடிந்திருந்தன. வகுப்பாசிரியை வருத்தத்தோடு, இந்த வருஷம் முடியாதும்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றார். என் இடத்தில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அழுதுகொண்டு வந்தேன் என்று எழுதினால் பொய். வீட்டுக்கு வரும் வழியில் மதகுக்கருகே நண்டு பிடித்துக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்களில் பாதிப் பேர் அந்த வருஷம்தான் பள்ளியை விட்டிருந்தார்கள். ஏன் விட்டார்கள் என்று ஊரில் கேட்டால், படிப்பு ஏறவில்லை என்பார்கள். பிள்ளைகளும் அதையே சொல்லும். எங்கள் பிள்ளைகளில் ஒன்றுகூட, எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குப் பதினெட்டு வயது ஆனதும் மதகடிப்பட்டு தாண்டி ஒரு கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை கிடைத்தது. வேனில் போய் வேனில் வருவோம். மெயின் ரோட்டில் ஏறிக்கொள்வேன். எந்த ஊர் என்று பெண்கள் கேட்டால் பாகூர் என்று சொல்வேன். பாகூரில் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். பிறகு தனியாகத் தேர்வெழுதிப் பத்தாம் வகுப்பு பாஸ் செய்தேன். எங்கள் குடியிருப்பில் அப்படிப் பாஸ் ஆனவள் நான்தான் முதல். அன்று அப்பா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அண்ணன் ஒன்று எடுத்துக்கொண்டு, கரைமேல் ஏறிப் போய்விட்டான்.

அவனுக்கு அவை மோசமான வருஷங்கள். மூன்று விரலால் வெட்டுக்கத்தியைப் பிடிக்க முடியாது என்பதால் கரும்புக்கு யாரும் கூப்பிடவில்லை. பாம்புக்கும் யாரும் கூப்பிடவில்லை. சாராயக் கடைக்குப் போக ஆரம்பித்தான். குடித்துவிட்டுச் சண்டை போட மாட்டான். யார் வீட்டுக் கூரையோரத்திலாவது படுத்துக் கிடப்பான். நான் வேலைவிட்டு வரும்போது பார்த்து எழுப்பிக் கூட்டி வருவேன். ஊர்ப்பிள்ளைகள் சைக்கிளில் போகும்போது, பாம்பு படுத்திருக்கு பாரு என்று சிரித்துக்கொண்டு போகும்.

எங்கள் வேன் ஓட்டுநர்தான் அவனுக்கு ஒரு தனியார் கல்லூரி விடுதியில் துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்தார். நீல நிறச் சட்டை, கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை. முதல் நாள் அந்த அட்டையை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றாமல் சாப்பிட்டான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. அட்டையில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விரல் என்ன ஆனது என்று கேட்டவர்களிடம் மெஷினில் மாட்டிக்கொண்டது என்று சொன்னான். குடி நின்றது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது. நல்ல நாட்களாக இருந்தன.

போன மழைக்காலத்தில் அந்த விடுதியின் துணி துவைக்கும் இடத்தில் பாம்பு வந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். அண்ணன் மற்ற துப்புரவு ஆட்களோடு தூரத்தில் நின்றிருந்தான். காவலாளிகளில் ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவர் பழைய வீடியோவைப் பார்த்திருக்கிறார். சூப்பர்வைசரிடம், இதோ நிக்கிறானே, இவன் பாம்பு பிடிக்கிறவன், இருளன் என்று காட்டிக்கொடுத்தார். அவர் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. சூப்பர்வைசர் அண்ணனைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார்.

"எனக்குப் புடிக்கத் தெரியாது சார்" என்றான் அண்ணன்.

சூப்பர்வைசர் சிரித்தார். நடிக்காதே என்றார். அண்ணன் திரும்பவும் அதையே சொன்னான். கையை விரித்துக் காட்டவில்லை, கடிபட்ட கதையைச் சொல்லவில்லை. தெரியாது என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு நின்றான். பிறகு தீயணைப்பு ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். இதை அன்று சாயங்காலம் அவன் எனக்குச் சொன்னபோது, அவன் கால்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. அங்கே நின்றபோதும் இப்படித்தான் நடுங்கியது, எல்லாரும் பார்த்தார்கள் என்றான்.

நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அடுத்த வாரமே விடுதியில் அவனுக்குப் பழைய பெயர் வந்துவிட்டது. பிடிக்காவிட்டாலும் பாம்புதான். மாணவர்கள் கூப்பிட்டார்கள், சமையல்காரர்கள் கூப்பிட்டார்கள். இந்த முறை அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான். சூப்பர்வைசர் ஒருநாள் பாம்பு, பாம்பு என்று நாலு தடவை கூப்பிட்டும் அவன் நிமிரவில்லையாம். திமிர் என்று சொல்லி, அவனை விடுதியிலிருந்து எடுத்துக் குப்பை பிரிக்கும் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். அங்கே நாற்றம் தாங்க முடியாது. முன்பிருந்த இரண்டு பேர் வேலையை விட்டு ஓடிவிட்டார்கள். அம்மா விட்டுவிடச் சொல்கிறாள். கூப்பிட்டால் ஒருமுறை திரும்பிப் பார்த்தால்தான் என்ன, பழைய இடத்துக்கே விட்டுவிடுவார்களே என்று அப்பாகூடச் சொல்லிப் பார்த்தார்.

அண்ணன் கேட்டுக்கொள்கிறான்.  காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறான். வந்ததும் ஏரியில் இறங்கி, நாற்றம் போகும்வரை சோப்புப் போட்டுக் குளிக்கிறான். சில நாள் எவ்வளவு போட்டாலும் போவதில்லை.